எல்லை மாறிய மண்ணும் எழுதப்படாத முதற்பொருளும்

தோற்றுவாய்

தமிழ் இலக்கணம் பாடற்பொருளை மூன்றாகப் பகுத்துக் காட்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்திற்குரிய தெய்வம், உணவு, மரம், புள், தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றனுள் உரிப்பொருளே சிறப்புடையது என்பது தொல்காப்பியர் கொள்கை. ஆயினும் 'முதல்' என்னும் பெயரை அவர் நிலத்திற்கும் பொழுதிற்குமே வழங்கினார். எந்த இடம், எந்தக் காலம் என்று அறியாமல் மனிதனின் இன்பதுன்பத்தை முழுமையாகச் சொல்லிவிட முடியாது என்பது அப்பெயரீட்டின் உட்கிடை.

வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் கற்பிக்கும் இவ்விலக்கணத்தை நம் நாட்டில் எழுந்த தமிழ் எழுத்தின்மேல் வைத்து அளந்து பார்த்திருக்கிறோமா? அவ்வாறு அளந்து பார்க்க முயல்வதே இக்கட்டுரை. அதற்கு ஒரு சான்றிடமாக நான் வாழ்ந்து பணிபுரியும் லூமுட் வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு காலத்தில் 'டிண்டிங்ஸ்' எனத் தனி நிலப்பகுதியாக இருந்து, எல்லை மும்முறை மாறி, இன்று பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்துள் அடங்கிவிட்ட சிறு பகுதி இது. இப்பகுதியின் தமிழர் வாழ்வில் உரிப்பொருளுக்குப் பஞ்சமில்லை. கருப்பொருளும் நிறைய உண்டு. ஆனால் முதற்பொருள் நம் எழுத்தில் இடம்பெறவில்லை. அக்குறை வரலாற்றுக் குறை மட்டுமன்று, இலக்கியக் குறையும் ஆகும் என்பதே நான் சொல்ல வருவது.

மும்முறை மாறிய எல்லை

மலாய் மொழியில் 'டிண்டிங்' என்றால் சுவர் அல்லது தடுப்பு. 'லூமுட்' என்றால் பாசி. மலாக்கா நீரிணையில் பங்கோர் தீவும் அதற்கெதிரே லூமுட் கரையும் அமைந்துள்ளன. இடையிலுள்ள கடல் மிகக் குறுகியது. ஈய வணிகத்தைக் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பிய டச்சுக்காரர் 1670-ஆம் ஆண்டிலேயே பங்கோரில் கோட்டை கட்டினர். அங்கிருந்த டச்சுக் கோட்டையின் எச்சம் இன்றும் நிற்கிறது.

1826-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் ஜேம்ஸ் லோ என்னும் படைத்தலைவர் பேராக் சுல்தானுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். பங்கோரும் செம்பிலான் தீவுகளும் கம்பெனிக்கு வழங்கப்பட்டன. கடற்கொள்ளையரை ஒடுக்குவதே அதற்குக் காட்டப்பட்ட காரணம்.

1874 ஜனவரி 20-ஆம் நாள் பங்கோருக்கருகே கையெழுத்தான உடன்படிக்கையை நம் மாணவர் அனைவரும் அறிவர். பேராக் அரசுரிமைப் போட்டியில் ராஜா அப்துல்லாவைச் சுல்தானாக ஏற்றதும், ஆங்கில ரெசிடெண்டு ஆட்சிமுறையைத் தொடங்கிவைத்ததும் அவ்வுடன்படிக்கையே. தேர்வுக்கு இவ்வளவே போதும் என்று நாம் நிறுத்திக்கொள்கிறோம். அதே உடன்படிக்கையின் மற்றொரு பிரிவு, முன்பு நிலம் வழங்கிய உடன்படிக்கை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்றும், ஆதலால் எல்லை திருத்தப்பட வேண்டும் என்றும் கூறிற்று. செகாரிக் குன்றை அடையாளமாகக் கொண்டு வரைபடத்தில் கோடுகள் இழுக்கப்பட்டன. தீவுகளோடு எதிர்க்கரை நிலமும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒரு விளக்கவுரை நிலத்தை விழுங்கிய விந்தை இது! உரைவேற்றுமையால் பாடல் பொருள் மாறுவதை நாம் கண்டிருக்கிறோம். இங்கு உரைவேற்றுமையால் நாட்டின் எல்லையே மாறிற்று.

இவ்வாறு உருவான டிண்டிங்ஸ் பகுதிக்கு லூமுட் தலைமையிடமாயிற்று. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றைப் போலவே இதுவும் நீரிணைக் குடியேற்றங்களுள் அடங்கியது. 1878-இல் இப்பகுதியின் கண்காணிப்பாளராயிருந்த லாயிட் என்பவர் பங்கோரில் கொலையுண்டார். அடுத்த ஆண்டு இவ்வழியே பயணம் செய்த இசபெல்லா பேர்டு என்னும் ஆங்கில மாது, 1883-இல் வெளிவந்த தம் பயணநூலில் அந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டுள்ளார். சிறிது பொழுதே தங்கிச் சென்ற ஒருவரின் நூலில் இம்மண் இடம்பெற்றுவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஆங்கிலேயர் எதிர்பார்த்த துறைமுக வளம் லூமுட்டில் கைகூடவில்லை. 1935 பிப்ரவரியில் டிண்டிங்ஸ் பேராக் மாநிலத்திற்குத் திருப்பித் தரப்பட்டது. பின்னர் மாவட்டத்தின் பெயர் மஞ்சோங் என மாறிற்று. மாவட்டத் தலைமையிடமும் லூமுட்டை விட்டு ஸ்ரீ மஞ்சோங் நகருக்குப் பெயர்ந்தது. சுவர் என்று பெயர் பெற்ற நிலம், தன் சுவர்கள் ஒவ்வொன்றும் இடம்மாறிப் போவதைக் கண்டுவிட்டது.

ஒரே கதவு, இரண்டு நாடுகள்

இனி, இவ்வெல்லை தமிழ்த் தொழிலாளிக்கு என்னவாயிற்று என்று பார்ப்போம். ரப்பர் விலையேறிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூமுட், சித்தியவான், புருவாஸ், ஆயர் தாவார், பந்தாய் ரெமிஸ் ஆகிய ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் எழுந்தன. 1903-இல் சித்தியவானில் குடியேறிய ஃபூச்சௌ சீனர் தமக்கெனச் சிறு நிலங்களைப் பெற்று ரப்பர் பயிரிட்டனர். தமிழரோ பிறர் நிலத்தில் கூலிகளாக வந்து சேர்ந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுற்றது. கங்காணி வழியாக ஆள் சேர்த்தல் 1938-இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை நடந்தது.

செகாரிக் கோட்டிற்கு இப்பால் நீரிணைக் குடியேற்றம். அப்பால் ஐக்கிய மலாய் மாநிலங்களுள் ஒன்றான பேராக். இப்பால் வரியற்ற துறைமுகங்களின் ஆட்சி, அப்பால் சுங்கவரி. இப்பால் பிறந்த குழந்தை பிறப்பினாலேயே ஆங்கில மன்னரின் குடி. அப்பால் பிறந்த குழந்தைக்கு அவ்வுரிமை பிறப்பினால் வாராது. ஆனால் இருபுறமும் விடிகாலைப் பெரட்டு ஒன்றே. மங்கும் உளியும் ஒன்றே. லயத்து அடுப்பங்கரையும் மாரியம்மன் திருவிழாவும் ஒன்றே.

இதைப் புத்தகம் படித்து நான் அறியவில்லை. என் பாட்டியாரின் தகரப்பெட்டியில் இரண்டு பிறப்புச் சான்றுகள் இருந்தன. ஒன்று என் பெரியப்பாவினுடையது, ஆண்டு 1933. மற்றொன்று என் தந்தையாருடையது; ஆண்டு 1937. லூமுட்டிற்கு வடக்கேயுள்ள ஒரு தோட்டத்தில், ஒரே லயத்தில், ஒரே கதவுக்குள் பிறந்தவர்கள் அவ்விருவர். மூத்தவரின் தாளில் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் பெயர். இளையவரின் தாளில் பேராக் என்னும் பெயர். பாட்டியார் வீடு மாறவில்லை. நாடுதான் அவர் வீட்டைக் கடந்து சென்றது. "இது என்ன பாட்டி, இரண்டு பேருக்கும் வேறு வேறு தாள்?" என்று இளமையில் நான் வினவியதுண்டு. "வெள்ளைக்காரன் வேலை, எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிட்டார்.

பாட்டியார் எழுத்தறியாதவர், அவர் பெட்டியை மூடியதில் குற்றமில்லை. 1948-இல் மலாயாக் கூட்டரசு உருவானபோது பினாங்கு, மலாக்காவில் பிறந்தோர்க்குக் குடியுரிமையில் ஒரு விதியும் மலாய் மாநிலங்களில் பிறந்தோர்க்கு வேறு விதியும் இருந்தன. பிறந்த இடத்தின் பெயர் என்பது வெறும் தாள் செய்தியன்று. குடியுரிமைக்காக அலைந்த தலைமுறை ஒன்றைக் கண்ட நம்மவர் இதை நன்கறிவர். எழுதத் தெரிந்த நாமும் அந்தப் பெட்டியை ஏன் மூடியே வைத்திருக்கிறோம்?

இன்னோர் எல்லையும் உண்டு. அதுதான் தோட்டத்தின் எல்லை. 1935-இல் அரசியல் எல்லை மாறியபோது ஒரு லயமும் காலியாகவில்லை. ஒரு பள்ளியும் மூடப்படவில்லை. ஆனால் 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தோட்ட எல்லைக்கல் பெயர்க்கப்பட்ட இடங்களிலெல்லாம் லயம் காலியாயிற்று. கோயிலும் பள்ளியும் ஆளற்றுப் போயின. அந்நிலையைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தனார் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. லூமுட்டில் கடற்படைத்தளம் எழுந்தது. செகாரியில் மின்நிலையம் அமைந்தது. தெலுக் ருபியாவில் 2014-இல் இரும்புத்தாது இறக்கும் துறைமுகம் தொடங்கிற்று. நாட்டிற்கு இவை வளர்ச்சி. தோட்டத்துத் தமிழுக்கு ஒவ்வொன்றும் ஓர் எல்லை மாற்றமே.

நம் எழுத்தில் நிலம்

இந்நாட்டுத் தமிழ் இலக்கியத்தின் தொடக்கத்தில் நிலம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் 1887-இல் வெளியிட்ட நூல்களுள் ஒன்று 'வண்ணையந்தாதி'. மற்றொன்று 'சிங்கைநகர் அந்தாதி'. முன்னது பிறந்த ஊரின் பெயரைத் தாங்கியது. பின்னது வந்து சேர்ந்த ஊரின் பெயரைத் தாங்கியது. ஒரு புலவரின் இரு கைகளிலும் இரு நிலங்கள் இருந்தன. மரபுவழிச் சிற்றிலக்கியம் தலைப்பிலேயே ஊரைப் போற்றிற்று.

தோட்டப்புறம் நம் உரைநடையில் நுழைந்தபோது நிலைமை வேறாயிற்று. தோட்டம் ஒன்று, அதில் ஒரு துரை, ஒரு கிராணி, ஒரு கங்காணி, காதலர் இருவர், தீபாவளிக்கு முன் ஒரு சாவு. இக்கதை பேராக்கில் நடந்தாலும் ஜொகூரில் நடந்தாலும் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. தோட்டத்திற்கு 'பசுமைத் தோட்டம்' போன்ற கற்பனைப் பெயர் இருக்கும். அல்லது பெயரே இராது. ஆறு இருக்கும், ஆற்றுக்குப் பெயர் இராது. பட்டணம் இருக்கும், பட்டணம் எத்திசையில் உள்ளது என்பது தெரியாது. துன்பம் உண்மையானது, எழுதியவரின் பரிவும் உண்மையானது. இருப்பினும் அத்துன்பம் வானத்திலிருந்து இறங்கியது போலத் தோன்றுகிறது. எவர் நிலம், எந்தச் சட்டம், எந்த ஆண்டு விற்பனை என்று அறியாத வாசகன் அதை ஊழ் என்று கொள்கிறான். முதற்பொருள் நீங்கியவிடத்து உரிப்பொருள் புலம்பலாகச் சுருங்கிவிடுகிறது.

இப்போக்கிற்கு ஓர் இலக்கிய முன்மாதிரியும் உண்டு. கடல்கடந்த தோட்டத் தொழிலாளரைத் தமிழகத்துப் பெரியோர் பாடியும் எழுதியும் இருக்கின்றனர். பாரதியார் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்டிரை நினைத்துக் கண்ணீர் வடித்தார். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டினார். அகிலன் மலேசியாவிற்கு வந்து பார்த்து, 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். இவர்கள் தொலைவிலிருந்தோ விருந்தினராயிருந்தோ எழுதியவர்கள். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்குத் தோட்டம் ஒன்றாகத்தான் தெரியும். அது அவர்கள் குறையன்று. மண்ணிலே பிறந்த நாமும் அவர்கள் நின்ற தொலைவிலேயே நின்று பார்த்ததுதான் குறை.

விலக்குகள் இல்லாமலில்லை. அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' தன் ஆற்றின் பெயரைத் தலைப்பிலேயே ஏற்றுக்கொண்டது. ஆற்றின் பெயரைச் சொன்னவுடன் கரையும் கம்பமும் காலமும் தாமாகவே வந்து நிற்கின்றன. அந்நூலைப் படிக்கும் மாணவன் வரைபடத்தை எடுத்துப் பார்க்கிறான். ஒரு நாவலுக்கு இதைவிட வேறு பாராட்டு வேண்டுமோ? எனினும் என் கைக்குக் கிடைத்த நாவல்களிலும் சிறுகதைகளிலும் டிண்டிங்ஸ் கோட்டைக் கதைப்பொருளாக்கியது ஒன்றும் இல்லை.

நாஞ்சில் நாடு: ஓர் ஒப்புநோக்கு

எல்லை மாறிய மண் இலக்கியம் தாராது என்று எவரேனும் சொல்வாராயின், தமிழகத்தின் தென்கோடியைச் சுட்டிக்காட்டலாம். திருவிதாங்கூர் ஆட்சியில் மலையாளம் மேலோங்கிய நாட்டில், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களின் தமிழர் மொழிச் சிறுபான்மையினராக இருந்தனர். மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதல் நாள் அந்நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன.

இந்த எல்லை நிலம் தமிழுக்குத் தந்தவற்றை எண்ணிப் பாருங்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் நாட்டின் மருமக்கள்வழிச் சொத்துரிமையால் விளைந்த கேட்டையே பாடுபொருளாக்கி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' செய்தார். ஒரு நிலத்தின் சட்டமே அங்குக் காவியமாயிற்று. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964-இல் வந்தது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இலும், நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968-இலும் வெளிவந்தன. ஒரு முச்சந்தியில் நின்ற மரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மன்னராட்சி போய் மக்களாட்சி வந்த காலமாற்றத்தைப் புளியமரத்தின் கதை சொல்லிவிடுகிறது. 'தலைமுறைகள்' இரணியல் வட்டாரப் பேச்சைத் தயக்கமின்றி எழுத்தில் ஏற்றியது. அவ்வட்டாரச் சொற்களைக் கண்டு தஞ்சை வாசகன் முதலில் திகைத்திருக்கக்கூடும். இன்று அவை தமிழ் நாவலின் செல்வம்.

இங்கே ஒரு தடை எழும்பும். "நாஞ்சில் நாட்டார் வழிவழியாக அம்மண்ணில் வாழ்ந்தவர், நிலமும் வீடும் உடையவர். பிறர் தோட்டத்து லயத்தில் கிடந்தவனுக்கு நிலவுணர்ச்சி எப்படி வரும்?" என்பதே அது. நியாயமான தடை. ஆனால் இதற்கு இரண்டு விடைகள் உள்ளன. முதலாவது, 'புத்தம் வீடு' காட்டும் உலகில் பனையேறியும் இருக்கிறான். அவன் பெரிய நிலக்கிழான் அல்லன். எனினும் பனைவிளை அவன் கதையின் நிலமாகிறது. இரண்டாவது விடை இன்னும் வலியது. இலங்கையின் தேயிலைத் தோட்டத் தமிழர் நம்மைப் போலவே லயத்தில் வாழ்ந்தவர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகவும் ஆக்கப்பட்டவர். காணி நிலமும் இல்லாத அம்மக்கள் தம் வாழிடத்திற்கு 'மலையகம்' என்று பெயரிட்டுக்கொண்டனர். சி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். மலையக இலக்கியம் என்னும் தனிப்பிரிவு தமிழில் நிலைபெற்றது. நிலவுரிமை இருந்தால்தான் நிலவுணர்ச்சி வரும் என்பதில்லை. சில வேளைகளில் நிலத்தின் பெயரை உரக்கச் சொல்வதே உரிமைக்கு முதற்படி ஆகிறது.

நம் நிலைமைக்கு மெய்யான காரணம் வேறு என்று எண்ணுகிறேன். நம் முன்னோர் இங்கு வந்தபோது திரும்பிச் செல்லும் எண்ணத்தோடு வந்தனர். கப்பலில் கொண்டுவந்த ஊரை மனத்தில் வைத்துக்கொண்டனர். திரும்புதல் நடக்கவில்லை, மனத்தில் இருந்த ஊரும் மாறவில்லை. பிள்ளைகளுக்கும் அவ்வூரையே சொல்லித் தந்தோம். ஆகவே காவிரியும் வயலும் நம் எழுத்தில் வந்தன. டிண்டிங்ஸ் ஆறும் கண்டல் காடும் வரவில்லை.

திசைச்சொல்லின் இருக்கை

நிலத்தைப் பற்றிய இத்தயக்கம் மொழியையும் தொட்டிருக்கிறது. நம் பேச்சில் கித்தா, மங்கு, கம்பம், பசார், ரோத்தான், தவுக்கே முதலிய சொற்கள் இயல்பாக வழங்குகின்றன. கட்டுரை ஏட்டில் இவை வந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுகிறோம். நானும் அடித்தவன்தான்.

தொல்காப்பியர் செய்யுட்குரிய சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்தார் தம் குறிப்பில் வழங்கும் சொல்லுக்குத் திசைச்சொல் என்னும் பெயரிட்டுச் செய்யுளிலேயே இருக்கை தந்தார். எல்லையோரத்தார் பேச்சை இழிவு என்று ஒதுக்கவில்லை, இலக்கணத்துள் ஏற்றார். வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாகச் சொல்லும் பாயிரத்தோடு தொடங்கும் அதே நூல், எல்லைப்புறச் சொல்லுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இவ்வகையில் 'கித்தா' என்பது நம் திசைச்சொல். பால்மரத்தை நாள்தோறும் வெட்டியவன் நாவில் எழுந்த சொல் அது.

இதனால் எல்லாக் கலப்பையும் வரவேற்க வேண்டும் என்று நான் கூறுவதாகக் கொள்ளற்க. நல்ல தமிழ்ச் சொல் கையிலிருக்க, சோம்பலால் ஆங்கிலச் சொல்லை இடுவது வேறு. இம்மண்ணின் பொருளை இம்மண்ணார் வழங்கும் பெயரால் சொல்வது வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துவதே ஆசிரியன் கடமை. சிவப்பு மை இவ்வேறுபாட்டை உணர்த்தாது.

வகுப்பறையில் கண்டது

திறனாய்வு பிறர் நூலோடு நின்றுவிடலாகாது. தன் கைவேலையையும் ஆராய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தேன். இருபத்திரண்டு ஏடுகள் வந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் தென்றல் வீசிற்று. பச்சைப் பசேலென வயல் விரிந்தது. ஊர் நடுவே ஆலமரம் நின்றது. மக்கள் ஒற்றுமையாக வாழ்ந்தனர். லூமுட் வட்டாரத்தில் வயலை நான் எங்கே தேடுவேன்! படகுத்துறை இல்லை, கடற்படைக் கப்பல் இல்லை, பங்கோரில் காயும் நெத்திலியின் மணம் இல்லை, செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரி இல்லை.

சினம் வந்தது. ஆனால் என் பழைய பாடக்குறிப்பை எடுத்துப் பார்த்தபோது சினம் நாணமாக மாறிற்று. அத்தென்றலும் ஆலமரமும் நான் கரும்பலகையில் எழுதிக் கொடுத்த மாதிரிக் கட்டுரையில் இருந்தவை. பயிற்சிக் கல்லூரியில் எனக்குத் தந்த மாதிரியை நான் தந்தேன். பிள்ளைகள் நன்றாக மனப்பாடம் செய்திருந்தனர். குற்றம் ஏட்டில் இல்லை, பலகையில் இருந்தது.

ஒரேயோர் ஏடு வேறாக இருந்தது. படிப்பில் பின்தங்கிய மாணவன் ஒருவன் எழுதியது. எழுத்துப்பிழை மிகுதி. "எங்கள் தாத்தா இருந்த தோட்டம் இப்போது இல்லை. கோயில் மட்டும் செம்பனைக்குள் இருக்கிறது. ஆடி மாதம் போவோம். வழியில் பாம்பு இருக்கும்" என்று எழுதியிருந்தான். மாதிரிக் கட்டுரையை அவன் மனப்பாடம் செய்யவில்லை. அதனால் தன் ஊரை எழுதினான். நிலம், பொழுது, தெய்வம், மரம், உயிரினம், உள்ளத்து ஒழுக்கம் எல்லாம் அந்த நான்கு தொடரில் இருந்தன. முதல், கரு, உரி மூன்றும் ஒருங்கே அமைந்த அவ்வேட்டிற்குப் பிழைக்காக நான் முதலில் இட்டிருந்த மதிப்பெண்ணை இங்கே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைத் திருத்தி எழுதினேன் என்பது மட்டும் உண்மை.

முடிவுரை

நாடு விடுதலையடைந்த 1957-இல் இங்கு 800-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் குறைவாக உள்ளன. குறைந்த பள்ளிகளுள் மிகுதியானவை தோட்டப் பள்ளிகள். எஞ்சியவற்றுள் பலவும் அழிந்துபோன தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. நிலம் போயிற்று, பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் அது வாழ்கிறது. லூமுட் வட்டாரத்தில் முக்கிம் புண்டுட் தமிழ்ப்பள்ளி தன் சிற்றெல்லைப் பகுதியின் பெயரையே சூடியிருக்கிறது. பெயர்ப்பலகை செய்வதை நம் கதையும் கவிதையும் செய்யலாகாதா?

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. மாதிரிக் கட்டுரையைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிடுவோம். 'எங்கள் ஊர்' எழுதுமுன் மாணவனை ஊரைச் சுற்றி வரச் செய்வோம். பாட்டன் பாட்டியரின் பெட்டியிலுள்ள தாள்களை, அவர்கள் ஒப்பினால், படியெடுத்துப் பள்ளி மலர்களில் விளக்கத்தோடு வெளியிடுவோம். தோட்டங்களின் பெயர்களையும், நம்மவர் அவற்றிற்கு இட்ட தமிழ்ப் பெயர்களையும், அவை எந்த ஆண்டு எவர் கைக்கு மாறின என்பதையும் எழுதிவைப்போம். அவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். வளரும் எழுத்தாளர்க்கு இவையே மூலப்பொருள். முரசு நெடுமாறன் 1887 முதல் நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி 1997-இல் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' தந்தார். ஒரு தனிமனிதர் உழைப்பு இவ்வளவு செய்யுமாயின், ஒவ்வோர் ஊரிலும் உள்ள ஆசிரியர்கள் தம் ஊரளவில் செய்ய முடியாததா?

1874-இல் செகாரிக் குன்றிலிருந்து கோடு இழுத்தவர் எவரும் அங்கு வாழ்ந்தவரல்லர். 1935-இல் அக்கோட்டை அழித்தவரும் அவ்வாறே. இரு வேளையிலும் நம்மை எவரும் கேட்கவில்லை. வரைபடத்தின்மேல் நமக்கு அதிகாரம் இருந்ததில்லை. ஆனால் எழுத்தின்மேல் நமக்கு அதிகாரம் உண்டு. அதை எவரும் தடுக்கவில்லை. என் பாட்டியாரின் தகரப்பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அவ்விரண்டு தாள்களையும் ஆண்டுக்கொருமுறை வகுப்பிற்கு எடுத்துச் செல்கிறேன். பிள்ளைகள் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்கின்றனர். இம்முறை பெட்டியை மூடுவதில்லை.